ஃபார்மலின் சுறாவும் என் ரெக்கார்டு நோட்டும்

கேள்வி: "மகள் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இன்றுவரை ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அறுத்துப் பார்த்ததில்லை. எல்லாம் கணினித் திரையில்தான். சுட்டியால் தொட்டால் தோல் விலகுகிறது, இன்னொரு முறை தொட்டால் ஈரல் விலகுகிறது. கத்தி பிடிக்காமல் வாங்குவது விலங்கியல் பட்டமா? அந்தக் காலத்தில் படித்தவர்கள் சொல்லுங்கள்."

2024 ஜூன் 2, இரவு 9.20

பட்டம்தான். அரைப் பட்டம்.

நான் 1987 முதல் 1990 வரை, தெற்கே ஒரு கடற்கரை ஊரில், பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். பிறகு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இரண்டாம் ஆண்டில் எங்களுக்குச் சுறா. ஸ்கோலியோடான் என்று பாடத்தில் பெயர். ஒன்றரை அடி நீளம், மண்வெட்டி போலத் தட்டையான மூக்கு. ஆய்வகத்தின் பின்கட்டில் நீலப் பீப்பாய் ஒன்றில் ஃபார்மலினில் ஊறிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்ததும் கண்தான் முதலில் அழும். மூக்குக்கு விஷயம் அதன் பிறகே தெரியவரும். முதல்நாள் மாலையே எடுத்து இரவு முழுவதும் தண்ணீரில் போட்டுவைப்பார்கள், அப்படியும் நெடி போகாது.

சுறாவுக்கு எலும்பு கிடையாது, முழுக்கக் குருத்தெலும்பு. மண்டையின் மேற்பகுதியை ஸ்கால்பலால் சீவிக்கொண்டே வர வேண்டும். முற்றிய முள்ளங்கியைச் சீவினாற்போல் பட்டை பட்டையாக வரும். எந்தச் சீவலில் மூளை தெரியும் என்று யாரும் சொல்லித்தர முடியாது. ஒரு கட்டத்தில் கத்திக்கு அடியில் வெள்ளை மங்கி, லேசாகச் சாம்பல் நிறம் தட்டும். அங்கே கையை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மூளை தயிராகிவிடும். அந்த "நிறுத்து" என்பதை எந்தத் திரை சொல்லித்தரும்?

கண்குழிக்குள் ஒரு நரம்பு உண்டு. தலைமயிர் கனம்தான் இருக்கும். ஆறாம் நரம்பு, கண்ணின் மேல் சாய்வுத் தசைக்குப் போவது. அதை அறுக்காமல் வெளியே காட்டியவள் அன்று வகுப்பின் ராணி. நான் ராணியாக இருந்ததில்லை.

2024 ஜூன் 2, இரவு 11.05

தவறு. மேல் சாய்வுத் தசைக்குப் போவது நான்காம் நரம்பு. ஆறாம் நரம்பு வெளிப்புற நேர்தசைக்குப் போகிறது. கண்ணை அசைக்கும் மீதி நான்கு தசைகளையும் மூன்றாம் நரம்பு கவனித்துக்கொள்கிறது. பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது நானே மாற்றி எழுதுகிறேன். படுக்கையில் கண்ணை உருட்டிப் பார்த்தபோது நினைவு வந்தது, எழுந்து வந்து எழுதுகிறேன்.

2024 ஜூன் 3, காலை 7.40

"செத்த உடம்பை அறுப்பதில் என்ன பெருமை? கொடுமை அல்லவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சுறா விஷயத்தில் எனக்கு அந்த உறுத்தல் இருந்ததே இல்லை. எங்கள் ஊரில் அது கறி. துறையில் ஏலம் போன கூடையிலிருந்து கல்லூரிக்கு ஒரு பங்கு, வீடுகளுக்கு ஒரு பங்கு. நான் ஆய்வகத்தில் சுறாவை அறுத்த அதே மாதம் அக்காவுக்குப் பிரசவம். அம்மா தினமும் பால் சுறாவை வேகவைத்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் போட்டுப் புட்டு செய்தார். பால் ஊறும் என்று. நான் கல்லூரியிலிருந்து வந்து அடுப்படியில் கால் வைத்தால், "அந்தப் பிண நாற்றத்தோடு பிள்ளை பெற்றவள் பக்கம் வராதே" என்று விரட்டுவார். அம்மாவின் கையிலும் சுறா, என் கையிலும் சுறா. நாற்றம் மட்டும் எனக்கு.

தவளை வேறு. அது உயிரோடு வரும். ஈரச் சாக்கில் கட்டி வந்திருக்கும், சாக்கு தானாக அசையும். குளோரோஃபார்ம் நனைத்த பஞ்சைப் போட்ட ஜாடிக்குள் ஒவ்வொன்றாக விடுவோம். மெழுகுத் தட்டில் மல்லாத்திக் கைகால்களுக்குக் குண்டூசி குத்தி, வயிற்றைத் திறந்தால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். மதிய உணவு மணி அடித்தபின்னும் துடித்த இதயத்தைப் பார்த்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், நான் கல்லூரியில் சேர்ந்த அதே 1987-இல்தான் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. வயலில் பூச்சி தின்ன தவளை இல்லாமல் போகிறது என்பது அப்போது பெரிய வாதம். எங்கள் கல்லூரிக்குச் சாக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

கல்லூரிகளில் தவளையை அறுக்கப் பின்னால் தடை வந்தது சரி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

2024 ஜூன் 3, பிற்பகல்

அறுப்பதற்குத் தடை எப்போது வந்தது என்று கேட்டவருக்கு: 2011.

2024 ஜூன் 3, மாலை 6.10

திரும்பவும் அரைகுறை. 2011-இல் வந்தது பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்கள். அப்போது அடியோடு தடை இல்லை, படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள். இளநிலை மாணவர்கள் தாங்களே அறுக்க வேண்டியதில்லை, ஆசிரியர் ஒரே ஓர் இனத்தை அறுத்துக் காட்டினால் போதும் என்ற அளவில். 2014-இல்தான் இளநிலை, முதுநிலை இரண்டுக்கும் விலங்கறுப்பையே நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தது. கேட்டவரின் மகள் அதற்குப் பின் வந்த தலைமுறை. அவள் மேல் குற்றமில்லை.

2024 ஜூன் 4

ஒரு தையல் நூல் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 2-இல் நான் ராணியாக இல்லை என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, கூடப் படித்த ஒருத்தி தொலைபேசியில் சிரி சிரி என்று சிரித்தாள்.

செய்முறைத் தேர்வு. எனக்கு விழுந்த சீட்டு, சுறாவின் மூளை நரம்புகள். ஃபார்மலினில் கிடந்த சுறாவில் நரம்பு பால்வெள்ளையாக, சதை அழுக்குப் பழுப்பாக இருக்கும், அதனால் எளிதில் பிரித்து அறியலாம். அறியலாம் என்பது புத்தகம். நான் நான்காம் நரம்பை மூன்றாவது நிமிடத்திலேயே அறுத்துவிட்டேன். அறுத்தது என்பதுகூடச் சரியில்லை, சதையோடு சேர்த்து வழித்துப் போட்டுவிட்டேன். பாவாடை இடுப்பில் தையல் நூல் ஒரு முழம் சொருகி வந்திருந்தேன். அது எங்கள் விடுதியில் தலைமுறை தலைமுறையாக வந்த தந்திரம். ஒரு அங்குலம் வெட்டி, கிளிசரினில் நனைத்து, தசையின் மேல் வளைத்துவைத்து, அடியில் கறுப்புத்தாள் துண்டு செருகி, குண்டூசிக் கொடியில் ரோமன் எண் நான்கும் எழுதி ஒட்டிவிட்டேன். மற்றவர்களுடையதைவிட என் நரம்பு அழகாக இருந்தது. அதுதான் காட்டிக்கொடுத்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குனிந்தார். ஊசி முனையால் அதைத் தூக்கினார். நூல் முறுக்கு அவிழ்ந்து இரண்டு இழையாகப் பிரிந்தது.

"எந்த மில் நரம்பம்மா இது?"

ஆனாலும் தேர்ச்சி போட்டார். மற்ற நரம்புகள் அசல் என்பதால் இருக்கலாம்.

2024 ஜூன் 5, காலை

"எவ்வளவு நாள் ஊறவைப்பீர்கள், அந்த மருந்து உடம்புக்கு ஆகுமா?"

ஆகாது. தண்ணீரில் கரைத்த ஃபார்மால்டிஹைடு வாயுதான் ஃபார்மலின். கடைச்சரக்கில் நூற்றுக்கு 37 பங்கு அளவில் இருக்கும். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் ஆய்வகத்துக் கரைசல். ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் ப்ளூம் 1893-இல் அதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல்தோல் விறைத்துப் போனதைக் கவனித்தார். அதிலிருந்துதான் உடலுறுப்புகளைப் பதப்படுத்தும் யோசனை பிறந்தது. புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதனால்தான் அழுகுவதில்லை, அதனால்தான் சதை ரப்பர் செருப்பு போல ஆகிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் அதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்தது 2004-இல். நாங்கள் வெறுங்கையால் அளைந்தது 1988-இல். கையுறை என்பது பிணவறைக்காரர்களுக்கு என்று நினைத்திருந்தோம். புளி போட்டுத் தேய்த்தால் வாடை போகும் என்று ஒருத்தி, எலுமிச்சைத் தோல் என்று ஒருத்தி. இரண்டும் போகவில்லை. மூன்று நாள் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டோம்.

2018-இல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று கேரளத்திலும் நம் பக்கமும் பரபரப்பு எழுந்ததே, அப்போது எங்கள் தெருவில் நான்தான் சோதனைச் சாவடி. வாங்கிவந்த மீனை என் மூக்கருகில் கொண்டுவந்து நீட்டுவார்கள். சொந்த மூக்கை நம்பி நானும் தீர்ப்புச் சொன்னேன். கொஞ்சமாகக் கலந்திருந்தால் மூக்குக்குத் தெரியாது என்பதை அப்போது அவர்களிடம் சொல்லவில்லை.

2024 ஜூன் 5, இரவு

இது கேட்டதற்குச் சம்பந்தமில்லாதது. எங்கள் நூலகத்தில் சுறாவைப் பற்றிய பழைய ஆங்கில நூல் ஒன்று இருந்தது, 1928-இல் லக்னோவில் வெளியானது. இந்தியாவில் சுறா அறுத்த பிள்ளைகள் பலருக்கும் மூலம் அதுதான், எங்கள் பாடநூல்கூட அதிலிருந்து வழிந்ததுதான். எழுதியவர் பெயர் ஈ. எம். தில்லையம்பலம். யாரோ வேட்டி கட்டிய பேராசிரியர் என்றே மூன்றாண்டு நினைத்திருந்தேன். பெண். இவாஞ்சலின் முத்தம்மா. லக்னோ இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். முத்தம்மா என்று எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் பெயரை உரக்கச் சொல்லி எங்கள் ஆசிரியைகளில் ஒருவராவது ஒரு நிமிடம் பேசியிருக்கலாம்.

2024 ஜூன் 6

நரம்பு, மருந்து, நூல் என்று சுற்றிச் சுற்றி வருகிறேன். உண்மையில் நான் சொல்ல நினைத்தது இது.

1988 செப்டம்பர். மூளைக்கு முந்திய பாடம், சுறாவின் பொது உள்ளமைப்பு. வயிற்றைத் திறக்க வேண்டும். கழிவாய்க்கு முன்னால் சிறிதாகக் கீறி, கத்தரிக்கோலின் மொண்டி நுனியை உள்ளே விட்டு, நேராக மார்புத் துடுப்புவரை. தோல் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் விரல் சிராய்க்கும். திறந்ததும் முதலில் ஈரல், இரண்டு நீள மடலாக எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கிடக்கும். அதை ஒதுக்கினால் இரைப்பை, மண்ணீரல், பிறகு குடல். குடலுக்குள் ஒரு மடிப்பு, பாயைச் சுருட்டிச் சொருகியதைப் போல. இதெல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன.

ஈரலை ஒதுக்கியபோது இரண்டு பக்கமும் இரண்டு பைகள் உப்பி நின்றன. புத்தகத்தில் அப்படி இல்லை. பக்கத்து மேசைச் சுறாவிலும் இல்லை. கட்டி என்று நினைத்தேன். ஒன்றைக் கீறினேன். உள்ளே ஒரு சுறா.

நடுவிரல் நீளம். ஃபார்மலினில் எல்லாமே நிறம் செத்துப்போகும், இதுவும் வெளுப்புதான், ஆனால் கண் மட்டும் கறுப்பாக, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண். துடுப்புகள் எல்லாம் வந்துவிட்டன. ஐந்து செவுள் வெட்டும், நகத்தால் கீறியது போல, இருந்தன. வயிற்றிலிருந்து ஒரு கொடி, அதன் மேல் பாசி படர்ந்தாற்போல மயிர் மயிராக. அந்தக் கொடி தாயின் சுவரில் ஒட்டியிருந்தது. மீன் முட்டையிடும் என்று படித்தவள் நான். தொப்புள்கொடியோடு மீனைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது. வீட்டில் அக்கா, ஐந்து நாள் பிள்ளையோடு.

ஆசிரியை வந்தார். "கர்ப்பம். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்." அவ்வளவுதான். கோபத்தில் சொன்னதில்லை. இரண்டு மணி நேரத்தில் முப்பத்திரண்டு பேருடையதைப் பார்த்தாக வேண்டும், அவருக்கும் மணிக்கணக்கு இருந்தது.

ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்தார். "தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தங்கச்சி, கிடைக்காது இது." கொடியோடு நான்கு குட்டிகளைத் தனியே எடுத்து, புதுக் கரைசல் ஊற்றி, மூடியை மெழுகால் அடைத்தார். அடுத்த ஆண்டு ஜூனியர்களுக்கு அது ஸ்பாட்டராக, அதாவது தேர்வில் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டிய மாதிரியாகப் போனது. எட்டாவது படித்தவர் அவர். அன்று அந்த அறையில் விலங்கியல் தெரிந்த ஒருவர் இருந்தார் என்றால் அவர்தான்.

இதைத்தான் திரை தராது என்கிறேன். திரையில் சுறா சினையாக வராது.

2024 ஜூன் 9

இரண்டு நாள் எழுதவில்லை. பரணில் ரெக்கார்டு நோட்டைத் தேடினேன். அந்த ஒன்பது குட்டிப் படத்தை எடுத்துப் போட்டுக் கேட்டவரின் வாயை அடைக்கலாம் என்ற ஆசை.

கிடைத்தது. 22.9.88 என்று மூலையில் தேதி. ஸ்கோலியோடான், பொது உள்ளமைப்பு. ஒரு பக்கத்துப் படம், கூர் தீட்டிய பென்சில், வலப்பக்கம் ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள், எல்லாக் கோடும் ஒரே வரிசையில் முடிகின்றன. விந்தகம், வலம். விந்தகம், இடம். கழிவாய்க்கு இருபுறமும் கிளாஸ்பர், இரண்டு.

ஆண் சுறா.

நான்தான் வரைந்திருக்கிறேன், என் கையெழுத்துதான். ஒன்பது குட்டி பார்த்த அதே நாள். விடுதிக்குப் போய்ப் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண் சுறாவைப் பார்த்து வரைந்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். குட்டி, பை, கொடி எதுவும் இல்லை, ஓரக் குறிப்புகூட இல்லை. கீழே சிவப்பு மையில் "மிக நன்று".

அடுத்த பக்கத்தில் மலக்குடல் சுரப்பி என்று குறித்து, "இதன் பணி தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அது உடலில் மிகுந்த உப்பைப் பிரித்து வெளியேற்றுகிறது என்று 1960-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்களுக்குக் குறிப்பு கொடுத்தவர், அவருக்குக் கொடுத்தவரின் குறிப்பைக் கொடுத்திருக்கிறார்.

தையல் நூலுக்காவது ஒருவர் என்னைப் பிடித்தார்.

2024 ஜூன் 9, இரவு

கேட்டவர் கேட்கிறார்: "அப்படியானால் என் மகளுக்கு நஷ்டமில்லை என்கிறீர்களா?"

தெரிந்தே முதல் நாள் எழுதியதிலிருந்து கொஞ்சம் பின்வாங்குகிறேன். கத்தி எங்கே நிற்க வேண்டும் என்று கை கற்றது உண்மை. அது அவளுக்கு இல்லை. ஆனால் அவள் திரையில் பார்க்கும் சுறாவை நான் 1988-லேயே வரைந்துவிட்டேன். சுத்தமான, எப்போதும் ஆணான, கோடுகள் வரிசையாக முடிகிற சுறா. மென்பொருள் செய்தவர்கள் எங்கள் ரெக்கார்டு நோட்டைத்தான் அசையவைத்திருக்கிறார்கள். பீப்பாய் இருந்தும் நாங்கள் அதைத்தான் வரைந்தோம் என்றால், பீப்பாயை எடுத்ததற்காக அழுவதற்கு எனக்கு எவ்வளவு உரிமை என்று யோசிக்கிறேன்.

பள்ளியில் நானும் அதே சிவப்பு மையோடுதான் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பிள்ளைகள் பார்த்ததை வரைந்து வந்து, நான் "புத்தகத்தைப் பார்த்துத் திருத்து" என்று திருப்பி அனுப்பியிருப்பேன்? ஒருவன் நினைவிருக்கிறான். செம்பருத்தியில் ஆறு இதழ் போட்டிருந்தான். ஐந்துதான் என்று அடித்தேன். ஆறிதழ்ச் செம்பருத்தி எப்போதாவது பூக்கும்.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். வீட்டுக்கு வாங்கும் மீனுக்கு மானியக் குழுவின் தடை கிடையாது. கடையில் சுத்தம் செய்யாமல் முழுதாக வாங்கிவரச் சொல்லுங்கள்.

2024 ஜூன் 16, ஞாயிறு

பாடம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்று நானும் வாங்கினேன். முக்கால் கிலோ விளை மீன் ஒன்று. அக்காவின் பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள், ஐந்தாம் வகுப்பு. 88-இல் ஐந்து நாள் பிள்ளையாக இருந்தவளின் மகள். வாழையிலையில் மீனைப் போட்டு, என் பழைய கத்தரிக்கோலை அவளிடம் கொடுத்தேன். துரு ஏறிவிட்டது, மொண்டி நுனி மட்டும் நன்றாக இருக்கிறது.

செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினேன். நான்கு சிவப்புச் சீப்பு. ஃபார்மலின் மீனில் இந்தச் சிவப்பை நான் பார்த்ததே இல்லை. இதயத்தைக் கேட்டாள். செவுளுக்குச் சற்றுப் பின்னால், தொண்டையடியில், கடலைப் பருப்பு அளவு. "இவ்வளவுதானா?" என்று ஏமாந்தாள். காற்றுப்பையைக் குத்தி "டப்" என்று சத்தம் கேட்டதும் ஏமாற்றம் தீர்ந்தது. இரைப்பையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே பாதி கரைந்த இறால், மீசை மட்டும் முழுதாக.

தாளில் வரைந்தாள். மீன் கோணல், இதயம் தலையைவிடப் பெரிது. இரைப்பையை வரைந்துவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"சின்னாச்சி, இறாலையும் போடவா? அது மீனோட உறுப்பு இல்லையே."

"போடு."

மீசையை எண்ணி எண்ணிப் போட்டாள். படம் முடியும்வரை மீனை யாரும் அடுப்பில் வைக்கக் கூடாது என்று அவள் உத்தரவு. அக்கா இரண்டு முறை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து முணுமுணுத்தாள். சாப்பிடும்போது மணி மூன்றேகால்.